புலி கொன்ற யானையும் எங்கட வின்ச்சும்

நகர்த்து(1, 4000, 0.004, 0, ட்ரூ)

மேலே உள்ளது ஒரு பைதன் வரி. பார்த்தவுடன் ஏதாவது விளங்குதா? பைதன் தெரிந்த ஆளுக்கும் விளங்காது. 1 என்றால் மேலேயா, கீழேயா? 4000 எது? 0.004 செக்கனா, வேறு எதுவுமா? பூச்சியம் எதுக்கு? கடைசியில் நிற்கும் ட்ரூ எதற்கு ஓம் சொல்கிறது? மோட்டர் ஓட்டுவதற்கு இணையத்தில் கிடைக்கும் உதாரணங்களில் நிறைய இந்தச் சாயலில்தான் இருக்கும். ஆள் கட்டை, ஆனால் கூடவே ஒரு பக்க விளக்கம் காவிக்கொண்டு திரிய வேண்டும்.

கடந்த சில மாதங்களாக நாங்கள் சண்டை பிடித்தது முழுக்க இந்த அடைப்புக்குறிக்குள் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது என்பது பற்றித்தான். அதற்குள் போடும் ஒவ்வொன்றுக்கும் பெயர் ஆர்கியுமென்ட். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வாய்த்தர்க்கம் என்றும் பொருள் இருக்கிறது. எங்கட அறையில் இரண்டும் ஒன்றாகவே நடந்தது. நிரல் எழுதுவதன் பக்கமே போகாத வாசகர்கள் கொஞ்சம் பொறுங்கோ, இது எப்படியோ தமிழ் இலக்கண வகுப்புக்குத்தான் போய்ச் சேரும்.

முதலில் சாமான் என்ன என்று சொல்கிறோம். நாங்கள் ஐந்து பேர், திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் ஓர் அறையில் கூடுகிறவர்கள். செய்தது ஒரு சின்ன வின்ச். ஒரு ஸ்டெப்பர் மோட்டர், அது சுற்றும் ஓர் உருளை, 30 மீற்றர் நைலோன் கயிறு, கயிற்றின் நுனியில் ஈயக்குண்டு. குண்டுக்கு மேலே தண்ணீர் புகாத குழாய் ஒன்று, அதற்குள் வெப்பநிலை உணரியும் சின்னப் பற்றரியும். குழாய் தன் பாட்டில் நேரத்தையும் வெப்பத்தையும் பதிந்துகொண்டிருக்கும், மேலே வந்த பிறகு நாங்கள் வாசிப்போம். எல்லாவற்றையும் ஆட்டி வைப்பது ஒரு ராஸ்பெர்ரி பை. இதை ஓர் அண்ணனின் வள்ளத்தில் பூட்டியிருக்கிறோம். மேல்தண்ணி எந்த இடத்தில் முடிந்து குளிர்தண்ணி எந்த இடத்தில் தொடங்குகிறது என்று தெரிந்தால் வலையை எவ்வளவு இறக்குவது என்று ஒரு கணக்கு வரும் என்பது அவருடைய ஆசை. கொட்டியாரக்குடாவில் அது லேசான கேள்வி இல்லை. துறைமுக வாயிலை ஒட்டியே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது, கொஞ்சத் தூரத்திலேயே ஆழம் எங்கேயோ போய்விடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உருளை அண்ணனின் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. கயிறு ஒழுங்காகச் சுற்றுவதற்காக அவர் அதைக் கையால் வழிநடத்துவார். வள்ளம் ஆடும்போது குண்டு இழுக்கும். அந்த நேரம் உருளை அவர் நினைத்ததற்கு மாறாகச் சுழன்றால் நைலோன் தோலைக் கிழிக்கும். கட்டளை எழுதுகிறவர் ஒருவர், கயிற்றில் கை வைத்திருப்பவர் இன்னொருவர். அடைப்புக்குறிக்குள் என்ன போடுவது என்பதில் நாங்கள் இவ்வளவு மினக்கெட்டதற்குக் காரணம் அந்தக் கைதான்.

இனி அந்த வரிக்கு வருவோம். எங்கட மோட்டர் ஒரு முழுச் சுற்றுக்கு 200 எட்டு வைக்கும். உருளையின் சுற்றளவு 25 சென்ரிமீற்றர். ஐந்து மீற்றர் இறங்க 20 சுற்று, அதாவது 4000 எட்டு. ஓர் எட்டுக்கு 0.004 செக்கன் என்றால் மொத்தம் 16 செக்கன். ஆக 4000 என்பது மோட்டரின் பாஷை. வள்ளத்தில் ஒருவரும் "4000 எட்டு இறக்கு" என்று கேட்கப் போவதில்லை.

இதைச் சுருக்க முதல் வழி, மாறாத சங்கதிகளை ஒரே தடவை சொல்லிவிடுவது. மோட்டர் எந்த முனையில் பூட்டியிருக்கிறது, உருளை எவ்வளவு பெரிசு, கயிறு எவ்வளவு நீளம் என்பதெல்லாம் கரையில் வைத்தே தெரியும். கடலில் ஒவ்வொரு கட்டளைக்கும் அதைத் திருப்பிச் சொல்வது வீண். ராஸ்பெர்ரி பையில் பலரும் பாவிக்கும் ஜிபிஐஓ ஸீரோ என்ற லைப்ரரி இதைத்தான் அழகாகச் செய்திருக்கிறது. விளக்கு ஒன்றை உருவாக்கும்போது 17 என்று முனை இலக்கத்தை ஒருமுறை கொடுத்தால் போதும். பிறகு வெறுமனே ஒளிர், அணை, மினுக்கு என்று சொல்லிக்கொண்டே போகலாம். மினுக்கு என்றால் எவ்வளவு நேரம் என்று நாங்கள் சொல்லாவிட்டால் ஒரு செக்கன் ஒளிர்ந்து ஒரு செக்கன் அணையும். ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. அந்த 17 சிப்பின் கணக்குப்படி 17, பலகையில் ஊசிகளை எண்ணிக்கொண்டு போனால் அது 11ஆவது ஊசி. பழைய ஆர்பிஐ ஜிபிஐஓ லைப்ரரியில் எந்த எண்ணிக்கை என்று முதலில் அறிவிக்க வேண்டும். புதியது ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டது. ஒரு முடிவைப் பாவிப்பவரின் தலையில் கட்டாமல் தாமே எடுத்ததும் சுருக்கம்தான்.

இப்படி நிலையான சங்கதிகளைக் கழித்த பிறகு மிஞ்சுவது மூன்று: எந்தப் பக்கம், எவ்வளவு, எவ்வளவு வேகம். எங்கட உண்மையான சண்டை அந்த இடத்தில்தான் தொடங்கியது.

பக்கத்துக்கு ஒரு கூட்டல் கழித்தல் குறி போதும் என்பது ஒரு கட்சி. நகர்த்து(5) என்றால் கீழே, நகர்த்து(-5) என்றால் மேலே. கட்டை, கணக்குக்கும் வசதி. மற்றக் கட்சி, மத்தியான வெயிலில் கீறல் விழுந்த ஃபோன் திரையில் அந்தச் சின்னக் கோடு தெரியுமா என்று கேட்டது. இறக்கு, ஏற்று என்று இரண்டு சொல் இருக்கும்போது ஒரு கோட்டை ஏன் நம்ப வேண்டும்?

இந்தச் சண்டையைத் தீர்த்து வைத்தவர் எங்களில் ஒருத்தியின் மாமா. துறைமுகத்தில் இழுவைப் படகில் நெடுங்காலம் வேலை செய்தவர். பெரிய கப்பல்கள் மாவாலைக்கும் சீமெந்து ஆலைக்கும் உள்ளே வரும்போது பைலட் ஏறிச் சுக்கான் பிடிப்பவருக்குச் சொல்லும் கட்டளைகளை அவர் எங்களுக்குச் சொல்லிக் காட்டினார். "போர்ட் டென்." "ஸ்டார்போர்ட் ட்வென்ரி." "மிட்ஷிப்ஸ்." அவ்வளவுதான். முதல் சொல் பக்கம், இரண்டாவது சொல் பாகை. கழித்தல் குறி கிடையாது. "கொஞ்சம் திருப்பு எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம் தம்பி. பத்து எண்டால் பத்து."

சுக்கான்காரர் கட்டளையைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செய்வார். சர்வதேச கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்றுக்கொண்ட நியமக் கடல் உரையாடல் வாக்கியங்களிலும் இது விதியாக இருக்கிறது: சுக்கான் கட்டளை எல்லாம் திருப்பிச் சொல்லப்பட வேண்டும். திசைகாட்டியின் இலக்கத்தை நூற்று எண்பத்திரண்டு என்று சேர்த்துச் சொல்லாமல் ஒன்று, எட்டு, இரண்டு என்று தனித்தனியாகச் சொல்வதும் அதே வழக்கம்தான். இலக்கத்தைப் பிரித்துச் சொன்னால் வரி கொஞ்சம் நீளும், ஆனால் மாறிக் கேட்க இடமில்லை.

மாமா சொன்னதைத் தேடிப் படித்தபோது இன்னொரு கதையும் கிடைத்தது. 1930கள் வரை பிரித்தானியக் கப்பல்களில் "ஸ்டார்போர்ட்" என்று கட்டளை வந்தால் கப்பல் இடப்பக்கம் திரும்பும்! ஸ்டார்போர்ட் என்றால் வலப்பக்கம்தான், ஆனால் கட்டளை கப்பலைப் பற்றியதில்லை, சுக்கானின் பிடியைப் பற்றியது. பிடியை வலப்பக்கம் தள்ளினால் சுக்கான் மற்றப்பக்கம் போகும். 1912இல் டைட்டானிக்கில் பனிப்பாறையைக் கண்டதும் கொடுத்த கட்டளை "ஹார்ட் எ ஸ்டார்போர்ட்", கப்பல் திரும்பியது இடப்பக்கம். அன்றைய வழக்கப்படி அது சரியே. 1929இல் லண்டனில் நடந்த கடல் பாதுகாப்பு மாநாட்டுக்குப் பிறகு இதை மாற்றினார்கள். பிரித்தானியக் கப்பல்களில் 1933 ஜனவரி 1 முதல் சொல் கப்பல் திரும்பும் பக்கத்தைக் குறித்தது. எங்கட துறைமுகம் 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் கையில் இருந்தது, ஆக இது இரண்டு பாஷையையும் கேட்ட தண்ணீர். அதே சொல், அதே இலக்கம், பொருள் மட்டும் தலைகீழ். அந்த மாற்றம் நடந்த கிழமையில் சுக்கானைப் பிடித்திருந்தவர்களின் வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பார்த்தோம்.

எங்கட நகர்த்து(1, 4000...) பழைய ஸ்டார்போர்ட்டின் தம்பி. 1 என்பது மோட்டர் எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்று சொல்கிறது. குண்டு எங்கே போகிறது என்பது அதில் இல்லை. கயிற்றை உருளையின் மறுபக்கமாகச் சுற்றினால் அதே 1 மேலே இழுக்கும். கட்டளை குண்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று அன்றைக்கு முடிவானது.

அதே மாமாவின் கட்டளையில் இன்னொரு நுணுக்கம் இருந்தது. போர்ட் டென் சொல்லிவிட்டுப் பிறகு போர்ட் ட்வென்ரி சொன்னால் சுக்கான் நிற்பது இருபதில், முப்பதில் அல்ல. பத்தைக் கூட்டு என்று அதற்குப் பொருளில்லை, இருபதில் போய் நில் என்றுதான் பொருள். எங்கட இறக்கு(5) எது? இன்னும் ஐந்து இறக்கு என்பதா, ஐந்தில் போய் நில் என்பதா? ஃபோனிலிருந்து வைஃபை வழியாகக் கட்டளை போகிறது. பதில் வரச் சுணங்கினால் ஆட்கள் இரண்டாம் தரமும் அழுத்துவார்கள். முதலாவது பொருள் என்றால் குண்டு பத்துக்குப் போகும். இரண்டாவது என்றால் பத்துத் தரம் அழுத்தினாலும் ஐந்தில்தான் நிற்கும். இரண்டாவதையே எடுத்தோம். எடுத்த பிறகுதான் கண்டோம், இறக்கு, ஏற்று என்ற இரண்டு பெயருமே தேவையில்லை. வின்ச்சுக்குத் தான் இப்போது எங்கே நிற்கிறது என்று தெரியும். எட்டில் நின்றால் ஐந்துக்கு ஏறும், இரண்டில் நின்றால் இறங்கும். நாங்கள் கிழமைக்கணக்காக அடிபட்ட அந்தக் கூட்டல் கழித்தல் குறி அடையாளமே இல்லாமல் போய்விட்டது.

பெயர் என்ன வைப்பது? ஒருத்தி எழுதினாள்: ஆழத்துக்கு(5). அந்த "க்கு" எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

அந்த இடத்தில்தான் இலக்கணம் உள்ளே வந்தது. பைதனில் ஆர்கியுமென்ட்டை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். இடத்தை வைத்து: முதலாவது இது, இரண்டாவது அது. அல்லது பெயரை வைத்து: வேகம்=இது, ஆழம்=அது. பெயரோடு கொடுத்தால் வரிசை மாறினாலும் பரவாயில்லை. தமிழ் பேசுகிற எங்களுக்கு இது புதிதா? "அம்மா தம்பிக்குச் சோற்றைக் கொடுத்தா" என்பதை "சோற்றை அம்மா தம்பிக்குக் கொடுத்தா" என்று எப்படி மாற்றினாலும் சோறு தம்பியைச் சாப்பிடாது. ஐ, கு என்ற வேற்றுமை உருபுகள் ஒவ்வொரு பெயருக்கும் அதன் வேலையை ஒட்டிவிடுகின்றன. ஆங்கிலத்தில் யார் யாரைக் கடித்தது என்பதை வரிசைதான் சொல்லும். எங்களுக்கு உருபு சொல்லும்.

சரி, அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் பெயர் ஒட்டிவிடலாமே? அதுவும் நீட்டி முழக்குவது. தமிழே அப்படிச் செய்வதில்லை. "பால் குடித்தான்" என்கிறோம், "பாலைக் குடித்தான்" என்று எப்போதும் சொல்வதில்லை. உருபு மறைந்து நிற்கிறது, பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வேற்றுமைத்தொகை என்று பாடமாக்கினோமே, அதுதான். மறைத்தாலும் பிரச்சினையில்லை, பால் ஒருவரைக் குடிக்காது. ஆனால் அதே வகுப்பில் இன்னோர் உதாரணமும் வரும்: "புலி கொன்ற யானை." செத்தது புலியா, யானையா? உருபை மறைத்ததால் வந்த வினை. புலியைக் கொன்ற யானை, புலியால் கொல்லப்பட்ட யானை, இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

பிறகு ஒவ்வொரு ஆர்கியுமென்ட்டையும் இந்தத் தராசில்தான் வைத்தோம். இது பாலா, புலியா? ஜிபிஐஓ ஸீரோவில் விளக்கை உருவாக்கும்போது முனை இலக்கம் மட்டும் பெயர் இல்லாமல் போகலாம், அது பால். மற்றவை எல்லாம் பெயரோடுதான் போக வேண்டும். இப்படிக் கட்டாயப்படுத்துவதற்குப் பைதனில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கிறது. ஃபங்ஷனை வரையறுக்கும்போது அதைப் போட்டுவிட்டால் அதற்குப் பின்னால் வரும் எதையும் பெயர் சொல்லாமல் கொடுக்க முடியாது. கொடுத்தால் மோட்டர் அசைவதற்கு முன்பே பிழைச்செய்தி வரும். 2008இல் வந்த பைதன் 3இலிருந்து இந்த வசதி இருக்கிறது. மொழியில் அலங்காரமில்லாத சின்ன விஷயம், எங்களுக்கு அண்ணனின் விரலுக்குப் போட்ட கையுறை மாதிரி.

ஆழத்துக்கு(5) பால்தான் என்று முதலில் எல்லாரும் ஒத்துக்கொண்டோம். ஓர் ஆழம், ஓர் இலக்கம், வேறென்ன? அண்ணனிடம் காட்டினோம். அவர் கேட்டார்: "அஞ்சு பாகமோ?"

பாகம்! கடலில் ஆழம் கேட்டால் ஒருவரும் மீற்றரில் சொல்வதில்லை. இரண்டு கையையும் விரித்தால் வரும் அளவு ஒரு பாகம். ஆங்கிலத்தில் ஃபாதம் என்பதும் அதே யோசனைதான், ஆனால் அதை 6 அடி என்று கட்டிவைத்துவிட்டார்கள், 1.83 மீற்றர் வரும். அண்ணனின் பாகம் அண்ணனின் கை. அளந்து பார்த்தோம், 1.72 மீற்றர். ஆறு பாகம் அவருக்கு 10.32 மீற்றர், ஃபாதக் கணக்கில் 10.97. அறுபத்தைந்து சென்ரிமீற்றர் வித்தியாசம். வெறும் 5 பாலாக இருந்தது, ஒரு கேள்வியில் புலியாகிவிட்டது.

அலகு மாறினால் என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய உதாரணம் வானத்தில் இருக்கிறது. 1999 செப்டெம்பரில் நாசாவின் செவ்வாய்க் காலநிலை விண்கலம் அழிந்தது, ஒரு பக்கத்து மென்பொருள் பவுண்டுக் கணக்கில் கொடுத்த உந்தத்தை மறுபக்கம் நியூட்டன் கணக்கில் எடுத்ததால். சின்ன உதாரணம் எங்கட மேசையிலேயே கிடந்தது. ஆடுயினோவில் காத்திரு என்று 5000 கொடுத்தால் 5 செக்கன் காத்திருக்கும், அது மில்லிசெக்கன். பைதனின் உறங்கு கட்டளைக்கு அதே 5000 கொடுத்தால் 83 நிமிடம் 20 செக்கன் உறங்கும். வள்ளத்தில் இரண்டு பலகையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

வழி பைதனின் நேர நூலகத்திலேயே இருந்தது. டைம்டெல்டா என்ற அதன் கால அளவில் அலகே ஆர்கியுமென்ட்டின் பெயராக வரும்: மினிட்ஸ்=5 என்றால் ஐந்து நிமிடம், அவர்ஸ்=5 என்றால் ஐந்து மணித்தியாலம். (பெயர் சொல்லாமல் வெறும் 5 கொடுத்தால் ஐந்து நாள்! அதை ஏன் திறந்து வைத்தார்கள் என்று எங்களுக்கு இன்னும் கோபம்.) நாங்களும் அப்படியே செய்தோம். ஆழத்துக்கு(பாகம்=6), அல்லது ஆழத்துக்கு(மீற்றர்=10). இரண்டில் ஒன்றுதான், இரண்டையும் கொடுத்தாலும் ஒன்றையும் கொடுக்காவிட்டாலும் வின்ச் அசையாது. வெறும் இலக்கத்துக்கு இடமே இல்லை. 5 என்பதைவிட ஆறு எழுத்து கூட, ஆனால் அண்ணன் அதை வாசித்துவிட்டு "ஓம், அதுதான்" என்று சொல்லலாம்.

ஓம், இதெல்லாம் உண்மையாகவே தமிழ் எழுத்தில்தான். பைதன் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும், இஃப், டெஃப் போன்ற அதன் சொந்தச் சொற்கள் மட்டும் ஆங்கிலம். கொம்பு முதலில் அடித்து அரவு பிறகு அடித்தாலும், ஒன்றாக "கொ" அடித்தாலும் பெயர்களை அது ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. தலையிடி வந்தது எழுத்தால் இல்லை, எழுத்துக்கூட்டால். சென்னையில் இருந்து உதவி செய்த ஒரு நண்பர் "மீட்டர்" என்று அடித்தார். எங்களுக்கு அது "மீற்றர்". பிழைச்செய்தி வந்தது, திருத்தினார், சிரித்தோம். ஆனால் அது பிழையாகத்தான் வர வேண்டும். பைதனில் இரட்டை நட்சத்திரம் போட்டு எந்தப் பெயர் வந்தாலும் வாங்கிக்கொள்ளும் ஃபங்ஷன் எழுதலாம், பலர் சோம்பலில் எழுதுவார்கள். அதில் தெரியாத பெயர் சத்தமில்லாமல் காணாமற்போகும். வேகம் என்று எழுத வந்தவர் வேகப் என்று அடித்தால் வின்ச் அதைக் கவனிக்காமல் தன் எண்ணத்துக்கு ஓடும். மோட்டர் பூட்டிய இடத்தில் அந்தத் தாராளம் வேண்டாம்.

வேகத்துக்கு இலக்கம் கேட்பதை விட்டுவிட்டோம். மெதுவாக, விரைவாக என்று இரண்டே சொல். ஒன்றும் சொல்லாவிட்டால் மெதுவாக. விரைவாக ஓட வேண்டுமென்றால் வேகம்=விரைவாக என்று முழுவதுமாக எழுத வேண்டும். ஆபத்தானதற்குத்தான் நீளமான வரி. ஆழத்துக்கு மட்டும் இயல்புப் பெறுமானம் எதுவும் இல்லை, சொல்லாத ஆழத்துக்கு ஒருவரும் போகத் தேவையில்லை. கரண்ட் போய் வந்தால் வின்ச்சுக்குத் தான் நிற்கும் இடம் தெரியாது. அப்போது பூச்சியம் என்று ஊகிக்காமல், குண்டைத் தண்ணீர் மட்டத்தில் பிடித்து மட்டம்() என்று சொல்லும் வரை அது வேறு கட்டளை கேட்காது.

கட்டளை வந்ததும் மாமாவின் சுக்கான்காரர் மாதிரி ஃபோன் திருப்பிச் சொல்லும்: "ஆறு பாகம், மெதுவாக." உருளைக்குப் பக்கத்தில் உள்ள பொத்தானை அண்ணன் அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் அது ஓடும், கையை எடுத்தால் நிற்கும். நிறுத்து() என்று ஒரு ஃபங்ஷனும் இருக்கிறது, அடைப்புக்குறிக்குள் ஒன்றும் இல்லை, இருக்கவும் கூடாது. கரண்ட்டை வெட்டும் தனி ஆளி வேறு. ஸ்டெப்பர் மோட்டர் கரண்ட் இருந்தால்தான் பாரத்தைப் பிடித்திருக்கும், வெட்டினால் குண்டு கயிற்றை இழுத்துக்கொண்டு போகும். அதனால் உருளையில் பல்லும் கொக்கியும் வைத்துப் பூட்ட வேண்டியிருந்தது. அந்தக் கொக்கிக்குப் பைதன் தெரியாது.

இப்போது அண்ணனுக்குப் புது ஆசை. "நாலு பாகத்தில நிண்டு கொஞ்சம் பொறுத்து, பிறகு ஆறுக்குப் போகச் சொல்லேலாதோ?" சொல்லலாம். பாகம்=[4, 6] என்று பட்டியலாகக் கொடுக்கலாம் என்கிறார்கள் மூன்று பேர். இரண்டு வரியாகவே எழுதுவோம், ஒவ்வொரு வரிக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்தட்டும் என்கிறார்கள் இரண்டு பேர். பொறுப்பது எத்தனை செக்கன், அதை யார் சொல்வது என்பதில் சண்டை இன்னும் முடியவில்லை. வாடை தொடங்க முன்னம் முடித்தால்தான் கடலில் ஒருக்காலாவது ஓட்டிப் பார்க்கலாம்.